கடல்கடந்த கடையும் கொடுத்த பணமும்

கடைவீதியிற் பொருள் வாங்குவோர் பலரும், பற்றுச்சீட்டின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருத்தலைக் கண்டிருப்பர். அதனைப் படித்தவர் சிலர். அவ்வாசகம் சட்டத்தின்முன் முற்றும் நில்லாது என்பதை அறிந்தவர் அவரினும் சிலர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பற்றுச்சீட்டிற் குறித்த காலத்துள்ளும், அவ்வாறு குறிக்காவிடின் 30 நாளுக்குள்ளும் பணத்தைத் தர மறுத்தலை, முறையற்ற வாணிகச் செயல்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. ஆகவே உள்ளூர்க் கடைக்காரரிடம் நாம் கேட்கலாம். அவர் மறுப்பின் மீண்டுஞ் சென்று கேட்கலாம். கடைக்காரர் கடலுக்கு அப்பால் இருந்து, கடையோ கைப்பேசித் திரையில் மட்டும் தோன்றுமாயின், யாது செய்வது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. இவ்வாறு திரும்ப வரும் பணத்திற்கு நம் மொழியில் ஒரு பெயர் இன்னும் நிலைபெறவில்லை. சந்தையில் "வாபஸ்" என்பர். அது பாரசீகத்தினின்று வந்த சொல். விடுதியறைகளில் "ரீஃபண்டு" என்பதே வழக்கு. நாம் இக்கட்டுரையில் "பணமீட்பு" என வழங்குவோம். அடகு வைத்த நகையை மீட்டல், களவுபோன மாட்டை மீட்டல் என்னும் வழக்குகளில், தனக்குரியதை முயன்று தன்னிடம் கொண்டுவருதல் என்ற கருத்து உண்டு. கடல்கடந்த கொள்முதலில் அம்முயற்சியே பெரும்பகுதி யாதலின், இச்சொல் பொருந்தும் என்க.

தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரிக்குச் செல்லும் பெருவழியில், குன்றின்மேல் அருணேசுவரர் கோயிலைக் கொண்டு விளங்குவது காரிமங்கலம். செவ்வாய்க்கிழமைதோறும் ஆங்குச் சந்தை கூடும். ஆடும் தேங்காயும் அச்சந்தையின் சிறப்புச் சரக்குகள். நம் வகுப்புத் தோழர் ஒருவர் அவ்வூரினர். அவர் தந்தையார் தேங்காய் வாணிகம் செய்பவர். ஒரு விடுமுறையில் அவருடன் சந்தைக்குச் சென்றபோது நாம் கண்டது இது: வாங்குவோர் காயைக் கையிலெடுத்து ஆட்டிப் பார்க்கின்றனர், தட்டி ஓசை கேட்கின்றனர், அதன்பின் பணத்தை எண்ணுகின்றனர். சென்ற வாரம் வாங்கியதில் அழுகல் இருந்ததெனச் சிலர் சொல்ல, வாணிகர் ஒரு சொல்லும் எதிர் பேசாது வேறு காய் எடுத்துக் கொடுக்கின்றார். அவர் அறநெறியில் நிற்பவர் என்பது ஒரு காரணமாகலாம். அடுத்த செவ்வாயும் அவர் அதே இடத்தில் அதே மக்களுக்கு விற்க வேண்டியவர் என்பது மற்றொரு காரணம். சட்டப் புத்தகம் திறக்கப்படாமலே பணமீட்பு நிகழ்வதற்கு, விற்றவனும் வாங்கியவனும் மறுபடியும் சந்தித்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் போதுமானதாகின்றது.

கடல்கடந்த கடைக்கு அடுத்த செவ்வாய் இல்லை.

தொலைவிலுள்ள கடையினின்று பொருள் தருவித்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1877-ஆம் ஆண்டிலேயே இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையை ஏற்படுத்தியது. நம் பாட்டனார் தலைமுறையினர் மருந்தும் கடிகாரமும் புத்தகமும் அம்முறையில் வரவழைத்தனர். பொதி வாயிலுக்கு வரும். பணத்தை அஞ்சற்காரரிடம் கொடுத்தாலன்றிப் பொதி கைக்கு வாராது. விற்பனையாளருக்கும் பொதி சேர்ந்த பின்னரே பணம் போய்ச் சேரும். உள்ளே பொருளுக்கு மாறாகச் செங்கல் இருந்த கதைகளும் உண்டு என்பது மெய்யே. எனினும் பொதி வராமலே பணம் போகும் இழப்பு அம்முறையில் இல்லை. இணையக் கடையில் இம்முறை தலைகீழாயிற்று. முதலிற் பணம் போகின்றது. பொருள் பல வாரங்களுக்குப் பின் வருகின்றது, அல்லது வாராதொழிகின்றது. எனவே, பணமீட்பை நாடுவோர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டுவது, "யார் குற்றவாளி?" என்பதன்று; "நம் பணம் இப்பொழுது யார் கையில் இருக்கின்றது, அவரை அசைக்க வல்லவர் யார்?" என்பதே. இவ்வினாவை மறந்தவர் மாதக்கணக்கில் விற்பனையாளருக்கு மன்றாட்டுக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருப்பர். அதற்குள் உண்மையான கதவு மூடிவிடும்.

இதனை விளக்க, நம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில் நிகழ்ந்ததையே எடுத்துக்காட்டுவோம். 2024-ஆம் ஆண்டில் நம் பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெறவிருந்தார். மாணவர் எண்மர் கூடி, போப்பையர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட திருவாசகப் பதிப்பை, அம்முதற் பதிப்பாகவே தேடி அவர்க்குக் கையுறையாக அளிப்பதெனத் துணிந்தோம். இங்கிலாந்திலுள்ள பழம்புத்தகக் கடையொன்று தன் இணையப் பக்கத்தில், "1900, முதற் பதிப்பு, துணி அட்டை, பக்கங்கள் முழுமை" என விளம்பரம் செய்திருந்தது. அஞ்சற் செலவு உள்ளிட்டு விலை 65 பவுன். விடுதி மாணவர்க்கு அது சிறு தொகையன்று. ஒருவர் தம் இரண்டு மாதச் சிற்றுண்டிச் செலவைச் சேர்த்துவைத்துத் தம் பங்கைத் தந்தார். எம்மில் எவரிடமும் வெளிநாட்டுக் கடையில் செல்லத்தக்க கார்டு இன்மையின், காரிமங்கலத்துத் தோழர் தம் தந்தையாரிடம் கேட்டு, அவருடைய வங்கிக் கார்டின் மூலம் பணம் செலுத்தினார். (2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டுதாரரே திறந்துவிட்டாலன்றிப் புதுக் கார்டுகள் வெளிநாட்டில் இயங்கா, அதனைத் திறப்பதற்கே ஒரு மாலைப்பொழுது சென்றது.)

ஆகஸ்டு இறுதியிற் பொதி வந்தது. வெள்ளைவெளேரென்ற தாளும், மெழுகு பூசிய அட்டையும், பின்பக்கத்திற் பட்டைக் குறியீடும் கொண்ட நூல் ஒன்று அதனுள் இருந்தது. முகப்பில் 1900 என்று இருந்தது உண்மையே. பழைய நூலைப் படியெடுத்து அண்மையில் அச்சிட்ட பிரதியாதலின், முகப்பும் படியாகவே வந்திருந்தது. ஒரு பக்கத்தில் படியெடுத்தவரின் விரல் நிழலும் பதிந்திருந்தது. இடையே சில தாள்கள் இல்லை. தோழரின் முகம் கறுத்தது. கார்டு அவர் தந்தையாருடையது, பணமோ எண்மருடையது. செய்தி அறிந்த தந்தையார் சினங்கொள்ளவில்லை. "தம்பிகளா, சந்தையில அழுகக் காயைப் போட்டா அடுத்த செவ்வாக்கெழம அவன் எம் மூஞ்சியில முழிச்சாகணும். இந்த ஆளு யாரு மூஞ்சியில முழிக்கப் போறான்? அதைக் கண்டுபிடிங்க" என்றார். இக்கட்டுரையின் முழுப்பொருளும் அச்சொற்களில் அடங்கும்; எஞ்சியது விரிவுரையே.

நாம் முதலிற் செய்தது சான்று சேர்த்தல். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்துவைத்தோம். விற்பனையாளர் அதனைத் திருத்திவிடக் கூடுமன்றோ! பொதியின் மேலுறை, அதன்மேல் ஒட்டிய சுங்கச் சீட்டு, நூலின் முகப்பு, பட்டைக் குறியீடு, இல்லாத தாள்களின் முன்னும் பின்னுமுள்ள பக்க எண்கள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்திற் படமெடுத்தோம். அதன்பின் கடைக்குக் கடிதம் எழுதினோம். முதற்கடிதம் சுருக்கமாகவே இருந்தது: இன்ன நாளில் இன்ன பொருள் வாங்கினோம், வந்தது விளம்பரத்தோடு மாறுபடுகின்றது, ஏற்க மறுக்கின்றோம், முழுப் பணத்தையும் திருப்பித் தருக. குறையை விரித்துப் புலம்புவதாற் பயனில்லை. "ஏற்க மறுக்கின்றோம்" என்னும் சொற்றொடரே சட்டத்தில் உயிருள்ளது.

அதன் காரணம் கூறுவோம். 1930-ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையிலுள்ளது. வருணனை கூறி விற்ற பொருள் அவ்வருணனைக்கு ஒத்திருத்தல் வேண்டுமென அதன் 15-ஆம் பிரிவு கூறும். 43-ஆம் பிரிவு இன்னும் சுவையுடையது. ஏற்க மறுக்கும் உரிமையுள்ளவர் மறுத்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அப்பொருளைத் திருப்பியனுப்புங் கடமை அவர்க்கு இல்லை. மறுப்பதாக அறிவித்தலே போதும். இச்சட்டம் 1893-ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. அதன்கண்ணும் இவ்விதி உண்டு. காரிமங்கலத்துத் தேங்காய்க்கும் இலண்டன் புத்தகத்திற்கும் இதில் ஒரே நியாயம். ஆயின் "வேறு உடன்பாடு இல்லாதவிடத்து" என்னும் அடையை மறத்தலாகாது. கடையின் இணையப் பக்கத்தின் அடியில், எவரும் படியாத சிற்றெழுத்தில் இருக்கும் நிபந்தனைகளே அவ்வுடன்பாடு.

கடையிலிருந்து விடை வந்தது. நூலை வைத்துக்கொண்டால் விலையில் ஐந்திலொரு பங்கு தருவதாகவும், முழுப்பணம் வேண்டின் எம் செலவில் நூலைத் திருப்பியனுப்ப வேண்டுமெனவும், அஞ்சற் செலவு திரும்பக் கிடையாதெனவும் அது கூறிற்று. இவ்வகைச் சிறுபங்கு உடன்பாடு பல கடைகளின் வழக்கம். ஏற்றுக்கொண்டாரெனின், பின்னர் வங்கியிடம் முறையிடும்போது, "இவர் ஒப்புக்கொண்டார்" என்று கடைக்காரர் காட்டுவதற்கு அதுவே ஓலையாகிவிடும். நாம் ஏற்கவில்லை.

இங்ஙனம் இருக்கையில், கடையின் நிபந்தனைகளுள், இவ்வொப்பந்தம் ஆங்கில நாட்டுச் சட்டத்திற்குட்பட்டது என ஒரு வரி இருத்தலைக் கண்டோம். முதலில் அது நமக்கு எதிரானது என்றே தோன்றியது. ஆழ்ந்து நோக்கின், நமக்குக் கிடைத்த படைக்கலங்களுள் அதுவே கூரியது. ஐக்கிய இராச்சியத்தின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வருணனைக்கு மாறான பொருளைப் பெற்ற நுகர்வோர் 30 நாளுக்குள் மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். திருப்பியனுப்பும் நியாயமான செலவை விற்பனையாளரே ஏற்கவேண்டும். உரிமையை ஒப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள் பணம் தரப்படல் வேண்டும். அதுவும் செலுத்திய வழியிலேயே திரும்பவேண்டும். இரண்டாங் கடிதத்தில் இவற்றைப் பிரிவு எண்களோடு குறித்தோம். அயல்நாட்டுக் கடைக்காரரிடம் நம் நாட்டுச் சட்டத்தைக் கூறினால் அவர் புன்முறுவல் செய்யக்கூடும். தம் நாட்டுச் சட்டத்தைத் தம்மிடமே எடுத்துக்கூறும் வாடிக்கையாளரை அவர் அவ்வாறு தள்ளிவிட இயலாது.

இவ்விடத்து நாடுகளின் வேறுபாட்டையும் அறிதல் நலம். ஐரோப்பிய ஒன்றியத்தில், 2011-ஆம் ஆண்டின் நெறிப்படி, இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் கூறாமலே 14 நாளுக்குள் துறக்கலாம். சீனத்தில் 2014 மார்ச்சு முதல் அவ்வுரிமை 7 நாள். அமெரிக்காவில், வேறு காலங் கூறாதவிடத்து 30 நாளுக்குள் பொருளை அனுப்பாத வணிகர், வாங்குபவரின் இசைவைப் பெறவேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும் என்னும் விதி 1975 முதல் உள்ளது. இந்தியாவில் மனம் மாறியதற்காகத் திருப்பும் பொது உரிமை சட்டத்தில் இல்லை. குறையும் மாறுபாடும் காலந்தாழ்ப்பும் இருந்தால் மட்டுமே உரிமை. எனவே எந்நாட்டுக் கடையில் வாங்குகின்றோம் என்பதை விலையைப் பார்க்கும்போதே பார்த்துக்கொள்வது நன்று.

இரண்டாங் கடிதத்திற்கு விடையே இல்லை. பத்து நாள் காத்திருந்தோம். இனி யார் முகத்தில் அக்கடைக்காரர் விழித்தாக வேண்டும்? தந்தையாரின் வினாவுக்கு விடை, அவருடைய கார்டிலேயே இருந்தது. கார்டின்வழிப் பணம் பெறும் எந்தக் கடையும், தன் வங்கியோடும், விசா, மாஸ்டர்கார்டு முதலிய கார்டு அமைப்புகளோடும் ஓர் ஒப்பந்தத்தால் பிணிக்கப்பட்டுள்ளது. பொருள் வரவில்லை, அல்லது வருணனைக்கு மாறானது வந்தது என்று கார்டுதாரர் தம் வங்கியில் முறையிட்டால், அவ்வங்கி அமைப்பின் விதிப்படி கடைக்காரரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திருப்பியழைக்கலாம். இதற்குச் "சார்ஜ்பேக்" என்று பெயர். கடைக்காரர் தம் சான்றைக் காட்டி எதிர்க்கலாம். காட்டாவிடின் பணம் போய்விடும். இத்தகைய முறையீடுகள் பெருகுமாயின், அவர் கார்டு ஏற்கும் உரிமைக்கே இடையூறு நேரும். அவருக்கு அடுத்த செவ்வாய் ஆங்கேதான் இருக்கின்றது: வாங்கியவர் முகத்தில் அல்லாது, தம் வங்கியின் முகத்தில் அவர் நாள்தோறும் விழித்தாக வேண்டும்.

இம்முறை கடன் கார்டுக்கு மட்டுமே உரியதென்று பலர் கருதுகின்றனர். கணக்கிலிருந்து உடனே பணம் கழியும் டெபிட் கார்டுக்கும் இவ்வமைப்புகள் இதனை வைத்துள்ளன. காலம் பெரும்பாலும் 120 நாள். பொருள் வருவதாகக் கூறிய நாளிலிருந்தோ, வந்த நாளிலிருந்தோ, பணம் செலுத்திய நாளிலிருந்தோ, வழக்கின் வகைக்கேற்ப அது எண்ணப்படும். "இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று கடைக்காரர் எழுதுந்தோறும் இக்காலம் ஓடிக்கொண்டே இருக்கின்றது என்பதை நினைவிற் கொள்க.

இதன் வரலாற்றிலும் ஒரு சுவை உண்டு. கார்டின்வழி வாங்கிய பொருளைப் பற்றிய பிணக்கில் வாங்கியவர்க்கு உரிமை தந்த அமெரிக்கச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் ஒரே ஆண்டில், 1974-இல், தோன்றியவை. அமெரிக்கச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றிய வழக்காயின், கொள்முதல் தம் மாநிலத்திலோ இருப்பிடத்திலிருந்து நூறு மைலுக்குள்ளோ நிகழ்ந்திருத்தல் வேண்டுமென்று எல்லை கட்டிற்று. ஆங்கிலச் சட்டத்தின் 75-ஆம் பிரிவோ, 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரையுள்ள பொருளைக் கடன் கார்டில் வாங்கினால், கடைக்காரரோடு கார்டு வழங்கிய நிறுவனமும் பொறுப்பென்றது. கடல்கடந்து வாங்கிய பொருளுக்கும் இது செல்லுமா என்னும் ஐயம், லாயிட்ஸ் டி.எஸ்.பி. முதலிய வங்கிகளின்மேல் நியாய வணிக அலுவலகம் தொடுத்த வழக்கிற் பிரபுக்கள் சபைவரை சென்றது. செல்லும் என்று 2007 அக்டோபர் 31-ஆம் நாள் அச்சபை தீர்ப்பளித்தது. இந்தியாவில் இத்தகைய சட்டப்பிரிவு இல்லை. நமக்குள்ளது கார்டு அமைப்புகளின் தனி விதியே. ஆகவே அவ்விதியின் நாட்கணக்கையும் சான்றுமுறையையும் வழுவின்றிப் பின்பற்றல் இன்றியமையாதது.

தந்தையாரும் தோழரும் தங்கள் வங்கிக் கிளைக்குச் சென்றனர். முதல் நாள் ஆங்கிருந்தோர், "வெளிநாட்டுக் கடைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றனர். இவ்விடை பல இடங்களிற் கிடைப்பது. கிளையிலுள்ளோர் தீய எண்ணத்தாற் கூறுவதன்று. கார்டுப் பிணக்கு வேறோர் அலுவலகத்தில் ஆராயப்படுவதாதலின், அவர்கள் அதனைக் கையாளும் வாய்ப்பு அரிது. "கடைக்குப் பொறுப்பு வேண்டோம், கார்டுப் பிணக்குப் படிவம் வேண்டும்" என்று எழுத்திற் கேட்டபின் படிவம் கிடைத்தது. அதனோடு விளம்பரத்தின் படம், பொருளின் படங்கள், இரு கடிதங்கள், கடையின் விடை, நூலைத் திருப்பியனுப்ப முகவரியும் செலவும் கேட்டதற்கான சான்று ஆகியவற்றை வைத்தோம். இறுதியிற் சொன்னது சிறப்பாக வேண்டுவது. வருணனைக்கு மாறான பொருள் பற்றிய வழக்கில், பொருளைத் திருப்பினோம் அல்லது திருப்ப முயன்றோம் என்பதை அமைப்பின் விதிகள் கேட்கும். பெற்ற முறையீட்டு எண்ணைத் தந்தையார் தம் தேங்காய்க் கணக்கு நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டார்.

நவம்பர் நடுவிற் பணம் வந்தது. கடைக்காரர் எதிர்க்கவில்லை. வந்த தொகை ரூபாய்க் கணக்கில் நாம் கொடுத்ததினும் சிறிது குறைந்திருந்தது. பணம் பவுனில் திரும்பி, வங்கி அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாக்குவதும், வாங்கியபோது கொண்ட நாணய மாற்றுக் கட்டணத்தைத் திருப்பாமையும் அதற்குக் காரணம். எண்மரும் அக்குறையைப் பங்கிட்டுக்கொண்டோம். பேராசிரியரின் பிரிவுபசாரமோ செப்டம்பரிலேயே நிகழ்ந்து முடிந்தது. கையுறையாகப் பூமாலை ஒன்றே அளித்தோம். பணமீட்பு பணத்தை மீட்கும். கடந்த நாளை மீட்காது.

நிற்க. திருப்பியனுப்பல் குறித்தும் சில கூறவேண்டும். பொதியை அஞ்சலில் அனுப்புவோர், உடன் ஒட்டும் சுங்க அறிக்கையில் "திருப்பப்பட்ட பொருள்" எனக் குறித்தல் வேண்டும்; இல்லையேல் அந்நாட்டுச் சுங்கத்தார் புது இறக்குமதியாகக் கருதி வரி கேட்கக்கூடும். அஞ்சல்வழியே அடைபடுதலும் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சிறு பொதிகளுக்கிருந்த வரிவிலக்கை நீக்கியபோது, இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்குப் பொதிகள் ஏற்பதை நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் தொடங்கிற்று. அவ்விடைக்காலத்தில் "30 நாளுக்குள் திருப்பியனுப்புக" என்ற நிபந்தனைக்குட்பட்டோர், அஞ்சலின் வாயில் மூடியதையே சான்றாக எழுதி வைத்திருத்தல் வேண்டும். வரும் வழியிற் பொதி தொலைந்ததெனின், "உங்கள் அஞ்சலகத்தில் கேளுங்கள்" என்று கடைக்காரர் கூறுவர். பன்னாட்டு அஞ்சல் முறையில் இழப்பீடு கேட்கும் உரிமை முதற்கண் அனுப்பியவர்க்கே உரியது. அவர் தம் அஞ்சலகத்திற் பெற்றுக்கொள்ளட்டும், நமக்குரிய பணம் அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

இறக்குமதிச் சுங்கம் கட்டிப் பொருளைப் பெற்றோர் அறியவேண்டிய விதி ஒன்று 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில், 26ஏ பிரிவில் உள்ளது. பொருள் குறையுடையது, அல்லது பேசிய தன்மைக்கு மாறானது எனக் கண்டால், குறையை அறிய வேண்டுமளவுக்கு மேல் அதனைப் பயன்படுத்தாமல், விடுவித்த 30 நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தோ, உரிமையைத் துறந்து சுங்கத்தாரிடம் விட்டோ, அவர் முன்னிலையில் அழித்தோ, கட்டிய சுங்கத்தைத் திரும்பக் கேட்கலாம். சிறு தொகைக்கு இவ்வழி ஓடுவது வீண் உழைப்பே. விலையுயர்ந்த கருவி வாங்கினோர்க்குப் பயன்படும்.

பணமீட்பை நாடுவோரை இரண்டாம் முறையும் கொள்ளையிடக் காத்திருப்போர் உண்டு. கடையின் உதவி எண் யாதென இணையத்தில் தேடுவோர்க்குப் பொய்யான எண்கள் தோன்றுகின்றன. அழைத்தால் இன்சொற் பேசி, "பணம் அனுப்புகின்றோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்பர். பணம் பெறுதற்கு ஓ.டி.பி. வேண்டுவதில்லை, யு.பி.ஐ. இரகசிய எண்ணும் வேண்டுவதில்லை. அவை பணம் கொடுப்பதற்கே உரியவை. இவ்வலையிற் சிக்கியவர் 1930 என்னும் எண்ணுக்குக் காலந்தாழ்த்தாது அறிவித்தல் வேண்டும்.

கடையே ஒரு நாளில் மறைந்தொழிவதும் உண்டு. 2020 சூன் 29-ஆம் நாள் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள், நம் இளைஞர் பலர் ஆடை வாங்கிவந்த ஷீஇன், கிளப் ஃபாக்டரி ஆகியனவும் இருந்தன. அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் அலிஎக்ஸ்பிரஸ் அவ்வாறே அடைபட்டது. (ஷீஇன் பெயர் 2025-இல் ரிலையன்ஸ் நிறுவனத்தின் வாயிலாக இந்நாட்டிற்கு மீண்டது, அது வேறு கதை.) பணம் கட்டிப் பொருளுக்குக் காத்திருந்தோர்க்குச் செயலியின் உள்ளேயிருந்த முறையீட்டுப் பெட்டியும் உடன் அடைபட்டது. தம் முறையீடு முழுவதையும் கடையின் செயலிக்குள்ளேயே வைத்திருப்பவர்க்கு நேரும் இடர் இது. கடிதங்களைத் தம் மின்னஞ்சலுக்கும் ஒரு படி அனுப்பிக்கொள்ளுதல் அரைநிமிட வேலை.

இனி, வங்கி வழியும் பயன்படாதபோது வழக்குமன்றம். 2020 சூலையில் வெளிவந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாத கடையாயினும் இந்நாட்டு நுகர்வோர்க்கு முறையாக விற்று வருவதாயின், அதனையும் கட்டுப்படுத்தும் எனக் கூறுகின்றன. அத்தகைய கடை குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை அமர்த்தி, முறையீடு கிடைத்ததை 48 மணி நேரத்துள் ஒப்பி, ஒரு மாதத்துள் தீர்வு காணவேண்டும். பெருங்கடைகளுக்கு இது பொருந்தும். ஆங்கில நாட்டுத் தெருவொன்றில் தனியொருவர் நடத்தும் புத்தகக் கடை "முறையாக விற்று வருவது" ஆகுமா என்பது ஐயமே. 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணிற் தமிழிலும் பேசலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய நலம், வாங்கியவர் தாம் வாழும் இடத்திலேயே வழக்கிடலாம் என்பது. காரிமங்கலத்தார் தருமபுரி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். இரண்டு ஆண்டுக்குள் முறையிடவேண்டும். 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 2025 சனவரி முதல் இ-ஜாக்ரிதி என்னும் இணையவாயில் வழியாகவும் முறையிடலாம்.

ஆணையம் நம் பக்கம் ஆணையிடவுங் கூடும். அதனை நிறைவேற்றுதற்கு விற்பனையாளரின் பொருளோ அலுவலகமோ இந்நாட்டில் ஏதேனும் இருத்தல் வேண்டும். இந்தியாவிற் கிளையுள்ள பெருங்கடையின்மேல் இவ்வழி வலிமையுடையது. ஒன்றுமில்லாத சிறுகடையின்மேல் ஆணை தாளளவில் நின்றுவிடும். கார்டுப் பிணக்கை ஏற்க மறுத்த வங்கியோ இங்கேயே உள்ளது. வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு 30 நாளாகியும் விடை வாராவிடின், அல்லது வந்த விடை நிறைவளிக்காவிடின், 2021 நவம்பரில் ஏற்படுத்தப்பட்ட ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் முறையில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். கார்டு அமைப்பின் 120 நாள் அதற்காக நின்று காத்திராதாதலின், கடைக்காரரின் இரண்டாவது மௌனத்தோடு வங்கிக்கு எழுதத் தொடங்குவதே நாட்கணக்குக்கு ஒத்தது.